ஆய்வுக் கழகத்தை நடத்துவது எப்படி: நிர்வாகம், கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்விதழ் வெளியிட்டு, ஆண்டு மாநாடு கூட்டி, பரிசும் வழங்கும் கல்விக் கழகங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் பொறுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள். தங்கள் துறையில் கரைகண்டவர்கள். ஆனால் இருப்புநிலைக் குறிப்பை அப்போதுதான் முதன்முறையாகக் கையில் எடுப்பவர்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். பதிவுச் சட்டமும் வரிச் சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். இங்கே உள்ள எதுவும் உங்கள் கழகம் பதிவான இடத்தின் சட்டத்தோடு மோதினால் அந்தச் சட்டமே செல்லும். எடுத்துக்காட்டுத் தொகைகளை நாணயப் பெயர் இல்லாமல் வெறும் எண்ணாகத் தந்திருக்கிறோம்.

விதிகளை எத்தனை அடுக்காக எழுத வேண்டும்?

மூன்று அடுக்கு போதும். பெயர், நோக்கம், உறுப்பினர் வகைகள், பொதுக்குழுவின் அதிகாரம், விதி திருத்தும் முறை, கலைப்பு ஆகியவை அமைப்பு விதியில் வரும். பதவிக்காலம், தேர்தல், கோரம் (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை), நிலைக்குழுக்கள் துணைவிதிகளில் வரும். பயணப்படி, பரிசுக் குழுவின் கால அட்டவணை, யார் எவ்வளவு தொகைக்கு ஒப்புதல் தரலாம் என்பன போன்றவை நடைமுறைக் கையேட்டுக்கு உரியவை. முதல் இரண்டையும் மாற்றப் பொதுக்குழு வேண்டும். கையேட்டைச் செயற்குழுவே மாற்றிக்கொள்ளலாம்.

எதை எந்த அடுக்கில் வைப்பது என்பதில்தான் பெரும்பாலும் கோளாறு வரும். சந்தாத் தொகையை அமைப்பு விதியில் எண்ணாக எழுதிவைத்த கழகம், அதை உயர்த்த ஒவ்வொரு முறையும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குத் தேடி அலையும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒதுக்கீட்டு நிதியை, அதாவது நன்கொடையாளர் ஒரு நோக்கத்துக்கென்றே தந்த பணத்தை, தொடுவது எப்படி என்பதைக் கையேட்டில் மட்டும் வைத்தால், பணமுடை வந்த ஒரு மாலைக் கூட்டத்தில் செயற்குழு அதைத் திருத்திவிடும்.

செயற்குழுவில் எத்தனை பேர், எத்தனை ஆண்டு?

ஒன்பதிலிருந்து பதினைந்து பேர். அதற்கு மேல் போனால் முடிவுகள் கூட்டத்துக்கு வெளியே, நாலைந்து பேருக்குள் எடுக்கப்படும். மற்றவர்கள் வந்து கையெழுத்துப் போடுவார்கள். உறுப்பினர்களுக்கு மூன்று ஆண்டுக் காலம், ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு மாறுவது நல்ல முறை. எல்லோரும் ஒரே நாளில் மாறினால் நிறுவன நினைவும் அன்றே வெளியேறிவிடும்.

தலைவர் பதவியை முந்தைய தலைவர், நடப்புத் தலைவர், அடுத்த தலைவர் என்று சங்கிலியாக வைக்கும் வழக்கம் பல கழகங்களில் உண்டு. அது பயனுள்ளதே. பொருளாளருக்கு மட்டும் வேறு கணக்கு. ஒரு முழுத் தணிக்கைச் சுற்றைப் பார்த்து முடிக்கவே அவருக்கு ஓராண்டு போய்விடும். அதனால் மூன்று முதல் ஐந்து ஆண்டு கொடுங்கள். ஒரு முறைக்கு மேல் நீட்டிக்காதீர்கள். இருபது ஆண்டாக ஒரே பொருளாளர் இருப்பதைப் பெருமையாகச் சொல்லும் கழகங்கள் உண்டு. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர் இல்லாத நாளில் கணக்கை யாராலும் திறக்க முடியாது.

ஆண்டுப் பொதுக்குழுவில் கோரம் சேர்வதே இல்லை. என்ன செய்வது?

எண் தவறாக இருக்கிறது என்று பொருள். கழகம் ஐம்பது பேரோடு ஒரே ஊரில் இருந்தபோது எழுதிய "மூன்றில் ஒரு பங்கு" என்ற வரி, உறுப்பினர்கள் இரண்டாயிரமாகப் பல ஊர்களில் பரவிய பிறகும் அப்படியே கிடக்கும். "உறுப்பினர்களில் 5 விழுக்காடு அல்லது 40 பேர், இவற்றில் எது குறைவோ அது" என்பது போன்ற விதி நடைமுறைக்கு ஒத்துவரும். கோரம் சேராமல் ஒத்திவைத்த கூட்டம் மீண்டும் கூடும்போது வந்திருப்பவர்களே கோரம் என்ற பிரிவையும் சேர்க்கலாம். சட்டம் இடங்கொடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் என்னவென்றால், கோரத்தைக் குறைக்கும் திருத்தத்தை நிறைவேற்றவும் கோரம் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு வழி உண்டு. துணைவிதிகள் அஞ்சல் அல்லது இணைய வாக்கை அனுமதித்தால், அந்த ஆண்டுத் தேர்தல் வாக்குச்சீட்டிலேயே திருத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அனுமதிக்காவிட்டால், மாநாட்டில் கூட்டம் அதிகம் சேரும் நேரத்துக்கு, அதாவது பரிசளிப்புக்கு முந்தைய அரைமணி நேரத்துக்கு, பொதுக்குழுவை நகர்த்துங்கள். மாநாட்டின் கடைசி நாள் மாலையில் பொதுக்குழுவை வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

"மூன்றில் இரண்டு பங்கு" என்றால் எதில் மூன்றில் இரண்டு?

விதியில் அது தெளிவாக இல்லையென்றால் ஒருநாள் சண்டை நிச்சயம். 900 உறுப்பினர்கள், கூட்டத்துக்கு வந்தவர்கள் 120, ஆதரவு 66, எதிர்ப்பு 30, நடுநிலை 24 என்று வைத்துக்கொள்வோம். "வந்திருந்து வாக்களித்தோரில்" என்று எழுதியிருந்தால் 96-இல் 64 போதும், தீர்மானம் நிறைவேறும். "வந்திருந்தோரில்" என்றால் 80 வேண்டும், தோற்கும். "உறுப்பினர்களில்" என்றால் 600 வேண்டும். அது எந்தக் காலத்திலும் நடக்காது. முதல் வடிவத்தையே எழுதுங்கள்.

தேர்தலில் தோற்ற அறிஞர்கள் மறுபடி நிற்க மறுக்கிறார்கள். வேறு வாக்குமுறை உண்டா?

உண்டு. ஒவ்வொரு பதவிக்கும் இருவரை நேருக்கு நேர் நிறுத்துவதுதான் மனக்கசப்புக்கு முதல் காரணம். நான்கு இடங்களுக்கு ஏழு பேரை ஒரே பட்டியலில் நிறுத்தினால் அந்தக் கூர்மை மழுங்கும். ஏற்பு வாக்கு முறையில் தமக்கு ஏற்புடைய எத்தனை பேரை வேண்டுமானாலும் வாக்காளர் குறிக்கலாம், எண்ணுவதும் எளிது. அமெரிக்கக் கணிதச் சங்கம் இம்முறையைப் பயன்படுத்துகிறது. மின்பொறியாளர் கழகமான ஐஈஈஈ இதை 1987-இல் ஏற்று 2002-இல் கைவிட்டது. ஆகவே எல்லா இடத்துக்கும் பொருந்தும் மருந்து என்று நினைக்க வேண்டாம். துறைக்குள் இரண்டு மூன்று முகாம்கள் இருந்து, சிறிய முகாமுக்கு எப்போதும் இடமே கிடைப்பதில்லை என்றால், விருப்ப வரிசையிட்டு எண்ணும் மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறை பொருத்தம்.

எந்த முறையானாலும் வேட்பாளர் தேர்வுக்குழுவை நடப்புத் தலைவர் தனியே நியமிக்கக் கூடாது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் அந்தக் குழுவின் பட்டியலில் இல்லாத ஒருவரும் நிற்கலாம் என்ற வாசலையும் திறந்துவையுங்கள்.

மினிட்ஸில் என்ன எழுத வேண்டும்?

யார் வந்தார்கள், கோரம் இருந்ததா, என்ன தீர்மானம், யார் முன்மொழிந்தார், வாக்கு எத்தனை, யார் எப்போதைக்குள் செய்ய வேண்டும். யார் என்ன பேசினார் என்பது தேவையில்லை. தொகை சம்பந்தப்பட்ட முடிவு என்றால் எந்த நிதியிலிருந்து, எவ்வளவு என்பது கட்டாயம். "பரிசுத் தொகையை உயர்த்தலாம் என ஒத்துக்கொள்ளப்பட்டது" என்ற வரியை வைத்துக்கொண்டு ஆடிட்டரால் எதுவும் செய்ய முடியாது.

நலமுரண் (பொறுப்பும் சொந்த நலனும் மோதுவது) என்று எதையெல்லாம் அறிவிக்க வேண்டும்?

கல்விக் கழகத்தில் நலமுரண் பணத்தைவிட உறவு வழியாகவே அதிகம் வரும். பரிசுக் குழுவில் இருப்பவரின் முன்னாள் ஆய்வு மாணவர் பரிசுக்குப் பரிந்துரைக்கப்படுகிறார். மாநாட்டு இடத்தை முடிவுசெய்யும் குழுவில் இருப்பவரின் பல்கலைக்கழகமே போட்டியிடுகிறது. போட்டி இதழின் ஆசிரியர் நம் வெளியீட்டுக் குழுவிலும் இருக்கிறார். இவை எல்லாமே அறிவிக்க வேண்டியவை.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் படிவம் நிரப்புவது, ஒவ்வொரு கூட்டத் தொடக்கத்திலும் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து அறிவிப்பது, அந்தப் பொருள் வரும்போது அறையை விட்டு வெளியேறுவது, அதை மினிட்ஸில் பதிவது என்று நான்கு படி உண்டு. மூன்றாவது படியில்தான் எல்லோரும் வழுக்குவார்கள். "நான் வாக்களிக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன்" என்பது போதாது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். பரிசைப் பொறுத்தவரை, ஆய்வு நெறியாளர் உறவுக்குக் கால எல்லை கிடையாது. இணைந்து எழுதிய கட்டுரைக்கு ஐந்தாண்டு போன்ற ஒரு வரம்பு வைக்கலாம்.

இதழின் ஆசிரியருக்கு மேல் செயற்குழுவுக்கு அதிகாரம் உண்டா?

நியமிக்கவும், பதவிக்காலத்தை முடிவுசெய்யவும், பட்ஜெட் தரவும் உண்டு. எந்தக் கட்டுரை வர வேண்டும், வரக்கூடாது என்பதில் இல்லை. இந்தக் கோடு எழுத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1999-ஆம் ஆண்டே சான்று. அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் ஜாமா இதழின் ஆசிரியர் ஜார்ஜ் லண்ட்பெர்க்கை அந்த ஜனவரியில் நீக்கியது. அதிபர் கிளின்டன் மீதான பதவிநீக்க விசாரணை நடந்துகொண்டிருந்த நேரத்தில், அதோடு தொடர்புபடும் ஒரு கருத்தாய்வுக் கட்டுரையை அவர் வெளியிட்டது அரசியல் தலையீடு என்பது சங்கத்தின் வாதம். எதிர்ப்பு வலுத்தபின், ஆசிரியருக்கும் சங்க நிர்வாகத்துக்கும் இடையே ஒரு தனி மேற்பார்வைக் குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மருத்துவச் சங்கமும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஆசிரியர் ஜெரோம் காசிரரை விடுவித்தது. இதழின் பெயரை வேறு வணிக வெளியீடுகளுக்குப் பயன்படுத்துவதில் வந்த தகராறு அது.

ஆகவே ஆசிரியரின் ஒப்பந்தத்திலேயே கட்டுரைத் தேர்வில் முழு உரிமை, நீக்குவதற்கான காரணங்கள், நீக்கும் நடைமுறை, தகராறு போகும் இடம் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். சண்டை இல்லாத காலத்தில் எழுதினால் அரைப்பக்கத்தில் முடியும்.

புதிய பொருளாளர் முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை?

கழகத்தின் பெயரில் உள்ள எல்லா வங்கிக் கணக்குகளும் வைப்புகளும், ஒவ்வொன்றிலும் யார் கையெழுத்து என்ற பட்டியல், கடந்த மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கைகள், ஆடிட்டர் நிர்வாகத்துக்குத் தனியே எழுதிய கடிதங்கள், ஒதுக்கீட்டு நிதிகளின் பட்டியலும் ஒவ்வொன்றின் மூல ஆவணமும், நடப்பில் உள்ள ஒப்பந்தங்கள், அவற்றின் முடிவுத் தேதி, அரசுக்கு எதை எந்தத் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்ற நாட்காட்டி, காப்பீடுகள். இவற்றைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுத்தில் பதிவுசெய்து செயற்குழுவுக்குத் தெரிவியுங்கள்.

வங்கியில் கையெழுத்து மாற்றப் பல வாரம் ஆகும். பழைய பொருளாளர் விலகும் நாளுக்கு முன்பே தீர்மானம் நிறைவேற்றி வங்கிக்கு அனுப்ப வேண்டும். பழையவரைக் குறைந்தது மூன்று மாதம் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் மறக்கும் ஒன்று இணையதளப் பெயர். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் உறுப்பினர் தன் சொந்தக் கடன் அட்டையில் பதிவுசெய்திருப்பார். அட்டை காலாவதியானால் புதுப்பிப்புக் கட்டணம் போகாது; கழகத்தின் தளமும் மின்னஞ்சலும் ஒரே இரவில் நின்றுவிடும். அதைக் கழகத்தின் பெயருக்கும், ஆளைச் சாராத ஒரு பொது மின்னஞ்சல் முகவரிக்கும் மாற்றுங்கள்.

நாங்கள் இரண்டு மூன்று தன்னார்வலர்கள்தான். உள்கட்டுப்பாடு எப்படி வைப்பது?

செலவுக்கு ஒப்புதல் தருவது, பணம் அனுப்புவது, பிறகு வங்கிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என மூன்று வேலைகள் உண்டு. மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. செயலாளர் ஒப்புதல் தரட்டும். பொருளாளர் பணம் அனுப்பட்டும். கையெழுத்து அதிகாரம் இல்லாத ஒரு செயற்குழு உறுப்பினருக்கு வங்கிக் கணக்கைப் பார்க்க மட்டும் அனுமதி வாங்கிக்கொடுத்து, மாதம் ஒருமுறை வங்கிச் சரிகட்டும் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இது மாதத்துக்கு ஒரு மணி நேர வேலை.

குறிப்பிட்ட தொகைக்கு மேல் இரண்டு பேர் ஒப்புதல் என்று வங்கியிலேயே அமைத்துவிடுங்கள். வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைப்பது இந்த ஏற்பாடு முழுவதையும் அர்த்தமில்லாமல் செய்துவிடும். பொருளாளரின் சொந்தப் பயணச்செலவுக்குத் தலைவரும், தலைவரின் செலவுக்குப் பொருளாளரும் ஒப்புதல் தரட்டும்.

"அவசரம், உடனே பணம் அனுப்புங்கள்" என்று தலைவரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது.

அனுப்பாதீர்கள். கழகங்களைக் குறிவைக்கும் மோசடிகளில் இது மிகச் சாதாரணமானது. தலைவர், பொருளாளர் பெயர்கள் இணையதளத்திலேயே இருக்கின்றன. மாநாட்டுத் தேதியும் இருக்கிறது. தலைவர் விமானத்தில் இருக்கும் நேரம் பார்த்து அஞ்சல் வரும். பதில் அஞ்சல் அனுப்பிச் சரிபார்ப்பதில் பயனில்லை. அது மோசடிக்காரரிடமே போகும். உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் தொலைபேசியில் கூப்பிடுங்கள். "எங்கள் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது" என்று அச்சகமோ அரங்கமோ அனுப்பும் கடிதத்துக்கும் இதே விதிதான்.

டிசம்பரில் வங்கியில் நிறையப் பணம் இருக்கிறது. செலவழிக்கலாமா?

அந்தப் பணத்தில் பெரும்பகுதி இன்னும் உங்களுடையதாகவில்லை. உறுப்பினர் ஆண்டு ஜனவரியில் தொடங்கினால் நவம்பர், டிசம்பரில் அடுத்த ஆண்டுச் சந்தா குவியும். மார்ச் மாத மாநாட்டுக்கான பதிவுக் கட்டணமும் அப்போதே வரும். அடுத்த ஆண்டு சேவை செய்யும்வரை அது முன்கூட்டிப் பெற்ற வருமானம். கணக்கில் பொறுப்புப் பக்கத்தில், அதாவது கழகம் பிறருக்குக் கடன்பட்டவற்றோடு, நிற்க வேண்டும். வந்த பணத்தையெல்லாம் வந்த நாளில் வருமானமாக எழுதும் ரொக்க முறைக் கணக்கில் இது தெரியாது. உங்கள் நிதியாண்டு ஜூனில் முடிந்தால், டிசம்பரில் வாங்கிய 12,000 சந்தாவில் 6,000 மட்டுமே அந்த நிதியாண்டின் வருமானம்.

கழகம் நொடிக்கும் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. இந்த ஆண்டுச் செலவை அடுத்த ஆண்டுச் சந்தாவால் ஈடுகட்டுவார்கள். மூன்று நான்கு ஆண்டு யாருக்கும் தெரியாது. உறுப்பினர் எண்ணிக்கை சற்றுக் குறையும் ஆண்டில் ஓட்டை தெரியும்.

பரிசு நிதியிலிருந்து தற்காலிகமாகக் கடன் எடுக்கலாமா?

கூடாது. நன்கொடையாளர் ஒரு நோக்கத்துக்கென்று கொடுத்த பணத்தை வேறு எதற்கும், திருப்பி வைக்கும் எண்ணத்தோடுகூட, எடுப்பது பல நாடுகளில் சட்டமீறல். செயற்குழு தானாகவே "இது இணையதளத்துக்கு" என்று ஒதுக்கிவைத்த பணம் வேறு. அதைச் செயற்குழுவே தீர்மானம் போட்டு மாற்றலாம். இந்த இரண்டையும் ஒரே பெயரில் "நிதி" என்று எழுதிவைப்பதால்தான் குழப்பம். பட்டியலில் ஒவ்வொரு நிதிக்கும் நேராக யார் கட்டுப்படுத்தியது, எந்த ஆவணம், இருப்பு எவ்வளவு என்று மூன்று நெடுவரிசை போடுங்கள்.

ஒருவர் 10,000 தந்து தன் ஆசிரியர் பெயரில் ஆண்டுதோறும் பரிசு வழங்கச் சொல்கிறார். ஏற்கலாமா?

கணக்குப் போட்டுவிட்டு ஏற்கலாம். நிலைநிதியிலிருந்து (நிரந்தரமாக முதலீடு செய்து வைத்து, ஆண்டுதோறும் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும் நிதி) ஆண்டுக்கு 4 விழுக்காடு எடுப்பது பொதுவாகப் பாதுகாப்பானது என்று கொள்ளப்படுகிறது. அதுவும் அந்த ஆண்டின் மதிப்பில் கணக்கிடாமல், கடந்த மூன்று ஆண்டுச் சராசரி மதிப்பில் கணக்கிட வேண்டும். சந்தை ஏறிய ஆண்டில் அதிகம் எடுத்துவிடாமல் அது காக்கும். பரிசு 1,000 என்றால், பதக்கம், பரிசு பெறுபவரின் பயணம், தங்கல் என்று இன்னொரு 600 ஆகும். 1,600-ஐ 4 விழுக்காட்டால் ஈட்ட 40,000 வேண்டும். அவர் தரும் 10,000-இல் ஆண்டுக்கு 400 தான் கிடைக்கும்.

அப்போது மூன்று வழிகளை முன்வையுங்கள்: தொகையை உயர்த்துவது, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பரிசு தருவது, முதலையும் சேர்த்துச் செலவழித்து ஆறு ஆண்டோடு முடிப்பது. எதுவானாலும் ஒப்பந்தத்தில் "இந்நோக்கம் நிறைவேற்ற இயலாமல் போனால் செயற்குழு இதற்கு நெருங்கிய நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம்" என்ற வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஐம்பது ஆண்டு கழித்து வழக்கொழிந்த ஓர் உட்துறைக்கான பரிசுக்கு ஆள் தேடி அலைவீர்கள். நன்கொடையாளரிடம் கேட்கவும் வழியிருக்காது.

ஆயுள் சந்தா எத்தனை மடங்கு வைக்கலாம்?

பத்து மடங்கு என்று வைத்திருக்கும் கழகங்கள் ஏராளம். அது மிகக் குறைவு. வட்டியில் விலைவாசி உயர்வைக் கழித்தபின் 3 விழுக்காடு நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், பத்து மடங்கு பணம் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டில் தீர்ந்துவிடும். முப்பத்தைந்து வயதில் சேர்ந்தவருக்கு அதன்பிறகு இன்னொரு முப்பது ஆண்டு கழகம் சும்மா இதழ் அனுப்ப வேண்டும். அதே 3 விழுக்காட்டில் 25 ஆண்டுக்கு 17.4 மடங்கும், 30 ஆண்டுக்கு 19.6 மடங்கும் வேண்டும். வயதைப் பொறுத்துப் படிநிலை வைப்பது நியாயம்.

வாங்கிய பணத்தைத் தனி நிதியில் வைத்து, ஆண்டுதோறும் ஒரு சந்தா அளவை மட்டும் வருமானத்துக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே மலிவாக விற்றுவிட்டீர்கள் என்றால் இன்றோடு விற்பனையை நிறுத்துங்கள்; பழையவர்களின் உரிமையைப் பறிக்க முடியாது. அச்சு இதழுக்குப் பதில் மின்னிதழ் தருவது, விருப்ப நன்கொடை கேட்பது ஆகிய இரண்டும் ஓரளவு உதவும். அவர்களில் பலர் கேட்டால் தருவார்கள், யாரும் கேட்பதில்லை.

கையிருப்பு எவ்வளவு இருக்க வேண்டும்?

ஆறு முதல் பன்னிரண்டு மாதச் செலவுக்கு. கணக்கிடும்போது ஒதுக்கீட்டு நிதியையும், விற்க முடியாத கட்டடம், கருவிகளையும் கழித்துவிடுங்கள். நிகரச் சொத்து 500. அதில் ஒதுக்கீட்டு நிதி 280, கட்டடம் முதலியன 60. மீதி 160. ஆண்டுச் செலவு 240 என்றால் கையிருப்பு எட்டு மாதத்துக்கு வரும். வருமானம் ஒரே மாநாட்டையோ ஒரே இதழையோ நம்பியிருந்தால் பன்னிரண்டு மாதத்தை நோக்கிப் போங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் சேர்ந்துவிட்டால், சந்தா கட்டும் இளம் ஆய்வாளர்களுக்கு அதற்கான காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்.

மாநாட்டுக்கு எத்தனை பேர் வந்தால் கையைக் கடிக்காது?

ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும் செலவையும், ஆளுக்கு ஆகும் செலவையும் பிரியுங்கள். அரங்கு, ஒலி-ஒளி, அழைப்புப் பேச்சாளர்கள் எல்லாம் சேர்த்து 60,000, ஆளுக்கு உணவு, பை, பெயரட்டை 120, கட்டணம் 320. ஒருவரிடமிருந்து மிஞ்சுவது 200. ஆகவே 300 பேர் போதும் என்று தோன்றும். ஆனால் மாணவர் கட்டணம் 150 என்றால் ஒரு மாணவரிடம் மிஞ்சுவது 30 தான். வருபவர்களில் 40 விழுக்காடு மாணவர்கள் என்றால் சராசரி 132-ஆக இறங்கும். தேவை 455 பேராக ஏறும். மாநாட்டில் நட்டம் வந்த கழகங்களைக் கேட்டால் கூட்டம் நன்றாகத்தான் இருந்தது என்பார்கள். கலவைதான் மாறியிருக்கும்.

விடுதி ஒப்பந்தத்தில் கவனம் தேவை. 400 அறை-இரவுகளுக்கு உறுதி தந்து, 80 விழுக்காடு நிரம்ப வேண்டும் என்ற பிரிவில் கையெழுத்திட்டால் எல்லை 320. பங்கேற்பாளர்கள் வெளியே மலிவாகத் தங்கி 250 மட்டுமே நிரம்பினால் மீதி 70-க்குக் கழகம் பணம் கட்ட வேண்டும். முந்தைய மூன்று மாநாடுகளில் உண்மையில் நிரம்பிய எண்ணைப் பார்த்து, அதற்கும் கீழே ஒப்பந்தம் போடுங்கள். ரத்துசெய்ய நேர்ந்தால் எந்தத் தேதிக்கு முன் எவ்வளவு தர வேண்டும் என்ற அட்டவணையையும், கொள்ளைநோய், அரசுத் தடை போன்றவற்றுக்கான விலக்கையும் வரிவரியாகப் படியுங்கள்.

வணிகப் பதிப்பகம் எங்கள் இதழை நடத்த முன்வருகிறது. ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

இதழின் பெயர் யாருடையது என்பதை முதலில் பாருங்கள். அது கழகத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும், வணிகக்குறியாகவும் பதிவுசெய்துவிடுங்கள். அடுத்து, ஒப்பந்தம் முடியும்போது எவை கைக்கு வரும்: பழைய இதழ்களின் கோப்புகள், சந்தாதாரர் பட்டியல், இணைய முகவரி, கட்டுரை மதிப்பீட்டு மென்பொருளில் உள்ள தரவுகள். இதழ் கைமாறும்போது இரு பதிப்பகங்களும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் டிரான்ஸ்ஃபர் நெறிமுறையை, தகவல் துறைக்கான தர விதிகளை வகுக்கும் நைசோ அமைப்பு பராமரிக்கிறது. அதைப் பின்பற்றுவோம் என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, "இலாபத்தில் பங்கு" என்பதைவிட "மொத்த வருவாயில் பங்கு" நல்லது; இலாபக் கணக்கில் பதிப்பகத்தின் மேல்செலவு எவ்வளவு ஏற்றப்பட்டது என்று உங்களால் சரிபார்க்க முடியாது. ஆண்டுதோறும் குறைந்தபட்ச உறுதித்தொகை கேளுங்கள். ஐந்து முதல் ஏழு ஆண்டுக் காலம் வழக்கம். அறிவிப்புத் தேதியைத் தவறவிட்டால் தானாகப் புதுப்பிக்கப்படும் பிரிவு இருந்தால் நாட்காட்டியில் சிவப்பில் குறியுங்கள். ஏலம் கேட்டு மாறுவதற்குப் பதினெட்டு மாதமாவது வேண்டும்.

திறந்த அணுக்கம் (கட்டுரைகளை யாரும் இலவசமாகப் படிக்கும் முறை) வந்தபின் இதழ் வருமானம் என்ன ஆகும்?

இதழ் உபரியில்தான் பரிசு, மாணவர் உதவி, அலுவலகம் எல்லாம் ஓடுகின்றன என்றால் இது உயிர்ப்பிரச்சினை. தங்கள் பணத்தில் நடக்கும் ஆய்வுகள் உடனே எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற பிளான் எஸ் திட்டத்தை ஐரோப்பிய நிதியளிப்பு நிறுவனங்கள் 2018-இல் அறிவித்தன; அமெரிக்க அரசும் 2022-இல் தன் நிதியில் நடக்கும் ஆய்வுகளைக் காலதாமதமின்றித் திறக்கச் சொல்லிவிட்டது. சந்தா மட்டுமே என்ற மாதிரி எங்கும் நிலைக்கப்போவதில்லை.

முதலில் ஒரு பரிசோதனை. இதழ் வருமானம் ஆண்டுக்கு 15 விழுக்காடு வீதம் நான்கு ஆண்டு சரிந்தால் அது ஏறக்குறைய பாதியாகும். அந்த நிலையில் பட்ஜெட் எப்படி இருக்கும் என்று இன்றே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பிறகு வழிகளைப் பார்க்கலாம். கட்டுரை எழுதுபவரிடம் வாங்கும் வெளியீட்டுக் கட்டணம் மருத்துவம், உயிரியலில் ஓரளவு செல்லும். மானியம் இல்லாத கலையியல், கணிதத் துறைகளில் எழுதுபவர்களை விரட்டும். நூலகங்கள் வழக்கம்போலச் சந்தா கட்டினால் அந்த ஆண்டு இதழை எல்லோருக்கும் திறந்துவிடும் முறை சிறிய கழகங்களுக்கு ஒத்துவருகிறது. போதிய நூலகங்கள் சேராவிட்டால் திறக்காமல் இருக்கும் உரிமை உங்களிடமே இருக்கும்.

பதிப்புப் பணத்தில் கழகங்கள் இடறுவது புதிதன்று. இலண்டன் ராயல் சொசைட்டி 1686-இல் மீன்களைப் பற்றிய படங்கள் நிறைந்த பெரிய நூலொன்றை வெளியிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டது. மறு ஆண்டு நியூட்டனின் பிரின்சிபியாவை அச்சிடப் பணமில்லை. எட்மண்ட் ஹேலி தன் பணத்தைப் போட்டார். அவருக்குத் தரவேண்டிய சம்பளத்துக்கு ஈடாகக் கழகம் கொடுத்தது, விற்காமல் கிடந்த மீன் நூலின் பிரதிகள்!

முழுத் தணிக்கை தேவையா?

சட்டம் சொல்லும் வரம்புக்கு மேலே இருந்தால் தேவை. கீழே இருந்தால் சுதந்திரமான கணக்காளரின் சரிபார்ப்பு போதும். பொருளாளர் மாறும் ஆண்டில் மட்டும் முழுத் தணிக்கை செய்துவிடுவது இருவருக்கும் பாதுகாப்பு. ஆடிட்டரைப் பொருளாளர் தேர்ந்தெடுக்கக் கூடாது.

கிளைகள் தனி வங்கிக் கணக்கு வைக்கலாமா?

கிளை தனியே பதிவாகவில்லை என்றால் அந்தப் பணமும் கடனும் தாய்க் கழகத்துடையவை. கணக்கு வைக்கலாம், ஆனால் மையப் பொருளாளர் பார்க்கும் அனுமதி, ஆண்டு முடிந்து முப்பது நாளுக்குள் கணக்கு, அதைத் தராவிட்டால் அடுத்த மானியம் நிறுத்தம் என்ற மூன்றும் விதியில் வேண்டும்.

செயற்குழுவுக்குப் பொருளாளர் என்ன அறிக்கை தர வேண்டும்?

ஒரே பக்கம். இன்றுவரை வரவு செலவு பட்ஜெட்டோடு ஒப்பிட்டு. ஆண்டு முடிவில் எங்கே நிற்போம் என்ற மதிப்பீடு. கையிருப்பு எத்தனை மாதத்துக்கு. ஒதுக்கீட்டு நிதிகளின் இருப்பு. 90 நாளுக்கு மேல் வராத பாக்கி. பட்ஜெட்டிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் விலகிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாக்கியத்தில் காரணம். நாற்பது பக்கப் பேரேட்டை அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். யாரும் படிக்காத அறிக்கைக்குப் பின்னால் எதுவும் ஒளிந்துகொள்ளும்.

கழகத்தைக் கலைக்க நேர்ந்தால்?

மிஞ்சும் பணத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது. இதே நோக்கமுடைய வேறோர் அமைப்புக்குப் போக வேண்டும். எது என்று அமைப்பு விதியில் வகையாகவாவது சொல்லியிருப்பது நல்லது. ஒதுக்கீட்டு நிதிகளுக்கு நன்கொடையாளர், வாரிசு அல்லது உரிய அதிகாரியின் சம்மதம் தேவைப்படலாம். முன்பணமாக வாங்கிய சந்தாவைத் திருப்பித் தரும் அளவுக்குப் பணம் இருக்கும்போதே முடிவெடுங்கள். இதழின் பழைய கட்டுரைகளை க்ளாக்ஸ் அல்லது போர்ட்டிகோ போன்ற காப்பகத்தில் முன்பே சேர்த்திருந்தால் அவை காணாமல் போகா. சேர்த்திருக்காவிட்டால் கலைப்புத் தீர்மானத்துக்கு முன் அந்த வேலையை முடியுங்கள். கட்டுரைகளின் டிஓஐ எண்களை (ஒவ்வொரு கட்டுரைக்குமான நிலையான இணைய அடையாள எண்) யார் பராமரிப்பது என்பதையும், அவற்றைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்புக்குத் தெரிவித்துப் பொறுப்பை மாற்ற வேண்டும். கணக்குப் புத்தகங்களும் மினிட்ஸ்களும் சட்டம் கேட்கும் ஆண்டுகள் வரை யார் வசம், எந்த முகவரியில் இருக்கும் என்பதைக் கலைப்புத் தீர்மானத்திலேயே பெயரோடு எழுதுங்கள்.